கசிவின் ஊற்றுக்கண்

டீசலுக்குக் கணக்கு எழுதாத லாரிக்காரர் இல்லை. எஞ்சின் எண்ணெய்க்குக் கணக்கு எழுதுகிறவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். களம்போலியில் வாழும் என் தமையனார் வீட்டில் அந்தக் கணக்கை அண்ணியார் எழுதிவந்தார். லாரி ஒன்றே ஒன்று. 2004-ஆம் ஆண்டில் வாங்கிய டாட்டா. சங்ககிரியிலிருந்து பிழைப்பு நாடி வந்த அக்குடும்பத்துக்கு அதுவே நிலம், அதுவே கிணறு. களம்போலி இரும்புச் சந்தையில் பாரம் ஏற்றிக் கசாரா மலைப்பாதை வழியாக நாசிக் சென்று இறக்கிவிட்டு, கிடைத்த சரக்கோடு திரும்புவது வழக்கம். ஒவ்வொரு நடை முடிந்ததும் ஓடிய தூரம் எவ்வளவு, ஊற்றிய எண்ணெய் எவ்வளவு என்று கேட்டு அண்ணியார் ஒரு நோட்டில் குறித்துவைப்பார். 2019-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்த நோட்டுதான் முதன்முதலில் அபாயத்தை அறிவித்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்றிருந்த கணக்கு, ஆயிரத்துக்கு ஒன்றாயிற்று. பிறகு அறுநூறுக்கு ஒன்றாயிற்று.

லாரியின் அடியில் குனிந்து பார்த்தால், எஞ்சினும் கியர்பாக்ஸும் கூடுமிடத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். “கிராங்கின் பின் சீல் போய்விட்டது” என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பாயிற்று. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, பிளைவீலை எடுத்து, புதிய சீல் போட்டார்கள். மூன்று நாள் வண்டி நின்றது. பதினெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று. சரியாக மூன்று வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் சொட்டத் தொடங்கியது. இரண்டாம் தடவை போனபோது, “எஞ்சினே தளர்ந்துவிட்டது, போர் வேலை செய்யாமல் தீராது, லட்சத்துக்கு மேல் ஆகும்” என்றார்கள். அன்றிரவு அண்ணியாரின் நகைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. அடகுக் கடைக்குப் போகும் முன் நடந்ததைப் பின்னால் சொல்லுகிறேன். அதற்குமுன், எண்ணெய்க் கசிவைப்பற்றி லாரி வைத்திருக்கும் குடும்பத்தார் அறிந்திருக்கவேண்டியவற்றைச் சொல்லுதல் முறையாகும்.

எஞ்சினுக்குள் எண்ணெய் இரு நிலைகளில் இருக்கிறது. பம்பினால் தள்ளப்பட்டுக் குழாய்களிலும் துளைகளிலும் அழுத்தத்தோடு ஓடும் எண்ணெய் ஒன்று. பேரிங்குகளுக்கும் டேப்பட்டுகளுக்கும் தன் பணியைச் செய்துவிட்டு, அழுத்தம் ஏதுமின்றிச் சுவர் வழியே வழிந்து சம்ப்புக்குத் திரும்பும் எண்ணெய் மற்றொன்று. முதல் வகையில் கசிவு ஏற்பட்டால் எஞ்சின் ஓடும்போது பீறிடும், நிறுத்தினால் நின்றுவிடும். பில்ட்டர், எண்ணெய்க் கூலர், அழுத்தம் காட்டும் மீட்டருக்குப் போகும் குழாய், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் ஒன்று வெடித்தால் சில நிமிடங்களில் சம்ப் காலியாகி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வகைக் கசிவு மெல்ல ஊறி, வண்டி நின்றபின்னும் சொட்டிக்கொண்டிருக்கும். பழைய லாரிகளில் நாம் நாள்தோறும் காண்பது பெரும்பாலும் இதுவே. இதனால் எஞ்சின் உடனே கெடுவதில்லை. ஆயினும் பணம் கரைகிறது. சுமார் முப்பது சொட்டு எண்ணெய் ஒரு மில்லி லிட்டர் என்று கொள்ளலாம். நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் மாதத்துக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. விநாடிக்கு ஒரு சொட்டானால், பத்து மணி நேர ஓட்டத்தில் 1,200 மில்லி லிட்டர் போய்விடும். லிட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டு மாதக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

எண்ணெய் குறைவதெல்லாம் கசிவும் அல்ல. எஞ்சினுக்குள்ளேயே எரிந்தும் குறையும். அப்போது புகை நீலம் பாரித்திருக்கும், முக்கியமாகக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் இறக்கத்தில் இறங்கிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும். ஆகவே தரையும் உலர்ந்திருந்து எண்ணெயும் குறைந்தால் புகைக்குழாயைப் பாருங்கள்.

சொட்டுவது எது?

லாரியின் அடியில் விழுகிறதெல்லாம் எஞ்சின் எண்ணெய் என்று முடிவுகட்டுவது முதற்பிழை. இரவில் ஒரு பெரிய அட்டையை விரித்து, வண்டியின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அதிலேயே குறித்து வையுங்கள். காலையில் கறை எந்தெந்த இடத்தில் விழுந்திருக்கிறது, அதன் நிறம் என்ன, நாற்றம் என்ன என்று பாருங்கள். டீசல் எஞ்சின் எண்ணெய் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கியர் எண்ணெய் தடித்துத் தேன் நிறமாக இருக்கும். கந்தகம் கலந்த ஒரு முடை வீச்சம் அதற்கு உண்டு, ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். டீசல் மெல்லியது. ரேடியேட்டர் நீரில் கலக்கும் கூலண்ட் பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும். கிளட்ச் உள்ள கூட்டின் அடித் துளையில் சொட்டுவது தேன் நிறமாயிருந்தால் குற்றம் கியர்பாக்ஸின் முன் சீலுடையது. கிராங்கின் சீலை மாற்றி என்ன பயன்? சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் அது ஹப்பிலிருந்து வருவது. பிரேக் லைனிங் நனைந்திருக்கும். அந்த வண்டியைச் சரக்கோடு மலையில் இறக்குதல் ஆகாது. நனைந்த லைனிங்கைத் தேய்த்துக் கழுவிப் போடுவதும் கூடாது, மாற்றவேண்டும்.

அளவுக் கம்பியையும் உருவிப் பாருங்கள். எண்ணெய் கசிகிறது என்று சொல்லும் வண்டியில் கம்பியில் அளவு ஏறியிருந்தால் வியப்படைய வேண்டாம். டீசல் பம்பின் டயாப்ரமோ சீலோ பழுதாகி, டீசல் உள்ளே இறங்கிக் கலந்திருக்கலாம். அப்போது எண்ணெய் நீர்த்துப்போய், எந்தச் சந்திலும் நுழைந்து வெளியேறும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்மை படிந்திருந்தால் நீர் கலந்திருக்கக்கூடும். இவ்விரண்டிலும் கசிவை அடைப்பது வீண் வேலை. கலப்பை முதலில் நிறுத்தவேண்டும். மற்றொன்றும் உண்டு. சாய்வான இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு, அல்லது நிறுத்திய மறு நிமிடமே, கம்பியைப் பார்த்துக் குறைவு என்று கிளீனர் ஒரு லிட்டர் ஊற்றிவிடுகிறார். மேல் கோட்டைத் தாண்டி எண்ணெய் நின்றால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். சீல்களின் மேல் வாரி அடிக்கும். சமதரையில் நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பதே சரியான அளவு. சில கசிவுகள் இந்தப் பத்து நிமிடப் பொறுமையிலேயே தீர்ந்துபோகும்.

கழுவுவதே பாதி வைத்தியம்

எண்ணெய் பிறக்கும் இடம் வேறு, விழும் இடம் வேறு. வண்டி ஓடும்போது விசிறிக் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தன் கனத்தால் அது கீழ்நோக்கி இறங்குகிறது. ஆகவே எஞ்சினின் முன் மேல் மூலையில் பிறந்த எண்ணெய், பின் கீழ் மூலையில்தான் சொட்டும். பின் சீல்தான் பின் கீழ் மூலையில் இருக்கிறது. பாவம், எஞ்சினில் எங்கே கசிந்தாலும் பழி அதன் தலையில் விழுகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த புழுதியும் எண்ணெயும் இறுகி விரல் கனத்துக்கு அப்பியிருக்கும் எஞ்சினில் எந்த நிபுணரும் ஊற்றுக்கண்ணைச் சொல்லமுடியாது. அப்படிச் சொல்லுகிறவர் ஊகிக்கிறார். அந்த ஊகத்துக்கு நாம் பணம் கொடுக்கிறோம்.

எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு அப்பியதைச் சுரண்டி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, காற்றடித்து நன்றாக உலர்த்தவேண்டும். டைனமோ, ஸ்டார்ட்டர், காற்று உட்புகும் குழாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொள்ளுங்கள். சூடான எஞ்சின்மீது குளிர்ந்த நீரைப் பீய்ச்சலாகாது, வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். வண்டிக்கு அடியில் போகும்முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தவர்களின் கதைகள் நம்மிடையே போதுமான அளவு இருக்கின்றன.

உலர்ந்தபின் முகப்பவுடரையோ சாக்குப் பொடியையோ சந்தேகமான இடங்களில் மெல்லத் தூவி, எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் விளக்கால் பாருங்கள். வெள்ளையில் கறுப்பு எங்கே முதலில் ஊறுகிறதோ அதுவே ஊற்றுக்கண். நின்ற நிலையில் ஒன்றும் தெரியாவிட்டால் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கறுத்த இடங்களுள் மிக மேலேயும் மிக முன்னேயும் இருப்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். இப்போது எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயமும் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சிறிது கலந்து ஓட்டிவிட்டு இரவில் புற ஊதா விளக்கைக் காட்டினால், கசிந்த வழி பச்சையும் மஞ்சளுமாக மின்னும். ஆயினும் பல தடவைகளில் முகப்பவுடரே வேலையை முடித்துவிடும் என்பது என் அனுபவம்.

ஏற்றத்தில் மட்டும் கசிகிறது என்று சிலர் சொல்லுவார்கள். அது பொய்யன்று. மும்பையிலிருந்து கசாரா ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே நிற்க, சம்ப்பில் உள்ள எண்ணெயெல்லாம் பின்பக்கம் சேர்கிறது. சமதரையில் எண்ணெய் எட்டாத சம்ப்பின் பின் விளிம்பும் பின் சீலும் அப்போது நனைகின்றன. பாரத்தால் எஞ்சினின் சூடும் ஏறியிருக்கும். ஆகவே மலை ஏறி முடித்ததும் ஒருமுறை நிறுத்திக் குனிந்து பார்ப்பது, ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாள் நிறுத்துவதைவிட அதிகமாகச் சொல்லும்.

மேலிருந்து கீழே

நம்மவரிடம் உள்ள பழைய டாட்டா லாரிகள் பலவற்றில் இருப்பது 697 என்னும் எஞ்சின். 1954-ஆம் ஆண்டு டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1969-இல் அந்தக் கூட்டு முடிந்தபின்னும் அவ்வழி வந்த எஞ்சின் பல்லாண்டு நிலைத்தது. ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் துளை என்பதையே அதன் பெயர் குறிக்கிறது. பிறகு 1993-இல் ஏற்பட்ட டாட்டா கம்மின்ஸ் நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் செய்த 5.9 லிட்டர் எஞ்சின் வந்தது. எந்த எஞ்சினானாலும் சோதனை மேலிருந்து கீழே இறங்கவேண்டும்.

முதலில் டேப்பட் கவர். பழைய கம்மின்ஸில் ஆறு சிலிண்டருக்கும் ஆறு தனித்தனி மூடிகள் உண்டு. ஆறில் ஒன்று கசிந்தாலும் அடி நனையும். கார்க் பேக்கிங் சூட்டில் இறுகி வெடித்துப்போகிறது. மூடியைத் திறந்து புதியது போடுவது அரை மணி வேலை. கடையில் நெடுநாள் கிடந்த கார்க் உலர்ந்து சுருங்கித் துளைகள் ஒவ்வாமல் இருக்கும். சிறிது நேரம் நீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும். அடுத்து, டீசல் பம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் பக்க மூடி. இது கண்ணுக்குப் படாததால் கவனத்துக்கும் தப்பிவிடும். இங்கிருந்து வழிவது நேரே பின் சீல் இருக்குமிடத்துக்கு வந்து சேரும். பிறகு பில்ட்டர். புதிய பில்ட்டரைப் பூட்டும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாகிப் பாதி வழியில் பிதுங்கி எண்ணெயைக் கொட்டிவிடும். விரலால் தடவிப் பார்க்க ஒரு நொடி போதும்.

முன்பக்கத்தில் கிராங்க் புல்லியின் சீல். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பல்லாண்டு சுழன்ற சீலின் உதடு, புல்லியின் கழுத்தில் ஒரு பள்ளத்தை அறுத்துவிடுகிறது. எத்தனை புதிய சீல் போட்டாலும் அதன் உதடு அதே பள்ளத்தில் விழுந்து இரண்டு வாரத்தில் கசியும். நகத்தால் வருடினால் நகம் தடுக்கும், அதுவே சான்று. கழுத்தின்மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்றுவார்கள்; அல்லது இடமிருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியோ வெளியே நிறுத்தியோ பூட்டுவார்கள். புதிய இடத்தில் உதடு அமர்ந்தால் கசிவு நிற்கும்.

பின் சீலைக் கடைசியில் வைக்கவேண்டும். மேலேயுள்ளவை யாவும் உலர்ந்திருந்து, கிளட்ச் கூட்டின் துளையில் மட்டும் கறுப்பெண்ணெய் சொட்டினால்தான் கியர்பாக்ஸை இறக்கலாம். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் பின் சீல் கயிறு போலிருக்கும். பின்னால் வந்தவற்றில் ரப்பர் உதடு. கியர்பாக்ஸை இறக்கிய அன்று கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள். மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் ஆடினால் எந்தச் சீலும் நிற்காது. சீலின் தன்மையையும் கேட்டறிதல் வேண்டும். சாதாரண ரப்பர் சீலின் உதட்டில் எண்ணெய் தடவித்தான் பூட்டவேண்டும். உலர்வாகப் பூட்டினால் முதல் சுழற்சியிலேயே தீய்ந்துவிடும். ஆனால் கம்மின்ஸில் வரும் டெப்லான் உதடுள்ள சீல் இதற்கு நேர்மாறு. அதற்கு எண்ணெய் ஆகாது. உதடும் கிராங்கும் துடைத்து உலர்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் டெப்லானின் மெல்லிய படிவு கிராங்கில் ஒட்டி அடைப்பு உண்டாகும். கை நிறைய எண்ணெயோடு வேலை செய்து பழகிய மெக்கானிக் வழக்கப்படி இதையும் தடவிப் பூட்டி, “கம்பெனி சீலே சரியில்லை” என்பார்.

எஞ்சினின் மூச்சு

இனி என் தமையனார் லாரிக்கு வருகிறேன். நகைகளை எடுத்துவைத்த மறுநாள், திருச்செங்கோட்டிலிருந்து வந்து களம்போலியில் தகரக் கொட்டகை ஒன்றில் வேலை செய்துவந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் அடியில் குனியவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தார். மூடி அவர் கையை உதறிக்கொண்டு எகிறியது. துளையிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது.

“ஏனுங்க, இதைத் திறந்து யாராவது பார்த்தாங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க ஐயா, கீழே மட்டுந்தான் பார்த்தாங்க” என்றார் தமையனார்.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிது வாயு சம்ப்புக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்கென்றே பிரீதர் என்னும் மூச்சுக்குழாய் அமைத்திருக்கிறார்கள். அக்குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் தனக்கு வழி தேடும். எந்தப் பேக்கிங் இளைத்திருக்கிறதோ, எந்தச் சீலின் உதடு மெலிந்திருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். ஓரிடத்தை அடைத்தால் மற்றோரிடத்தில் பிறக்கும். ஒரே காலத்தில் மூன்று நான்கு இடங்களில் எண்ணெய் ஊறினால், எல்லாச் சீலும் ஒருங்கே செத்துப்போயின என்று நம்புவதைவிட, எஞ்சினுக்கு மூச்சுமுட்டுகிறது என்று ஐயுறுவதே அறிவுடைமை.

பெரியவர் பிரீதரின் ரப்பர் குழாயைக் கழற்றிக் கத்தியால் நீளவாட்டில் கீறிக் காட்டினார். வெளியே புதிதுபோல் இருந்தது. உள்ளே எண்ணெயின் சூட்டில் ஊறி உப்பி, ஒரு பென்சில்கூட நுழையாத அளவுக்கு ஒட்டிப்போயிருந்தது. எஞ்சியிருந்த சந்தையும் தார்போன்ற கசடு அடைத்திருந்தது. முந்திய ஆண்டு ஏதோ வேலையின்போது, எண்ணெய்க்கு ஏற்ற குழாய் கிடைக்காமல் சாதாரண நீர்க்குழாயை வெட்டிப் பூட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோது, மூடியைத் துளையின்மேல் கவிழ்த்து வைத்தால் இலேசாக நடுங்கியதே ஒழிய எகிறவில்லை.

அத்தோடு அவர் விடவில்லை. பிரீதர் திறந்திருந்தும் ஆவி மிகுந்து வந்தால் வளையமும் லைனரும் தேய்ந்திருக்கலாம். அப்போது போர் வேலை நியாயமே. ஆயினும் ஏர் பிரேக் வண்டியில் இன்னொரு கள்ளன் உண்டு. காற்றழுத்தும் கம்ப்ரஸரின் வளையம் தேய்ந்தால், அது அழுத்தும் காற்று அதன் எண்ணெய் திரும்பும் வழியாக எஞ்சினுக்குள் புகுந்து இதே தொல்லையைத் தரும். காற்றுத் தொட்டி நிறைந்து கம்ப்ரஸர் பாரமின்றிச் சுழலும் வேளையில் பிரீதரில் ஆவி குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் குற்றம் கம்ப்ரஸருடையது. அதைப் பழுது பார்க்கும் செலவு போர் வேலையின் செலவில் ஒரு சிறு பகுதியே. தொட்டியின் அடிக்குழாயைத் திறக்கும்போது நீரோடு எண்ணெயும் வந்தால் ஐயம் உறுதிப்படும். இன்னும் திட்டமாக அறிய விரும்புவோர், தெளிவான பிளாஸ்டிக் குழாயை வளைத்துப் பாதி நீர் நிரப்பி, ஒரு முனையை அளவுக் கம்பியின் துளையில் செருகிப் பார்க்கலாம். நீர் எவ்வளவு உயர்கிறது என்பதை அந்த எஞ்சினுக்குரிய கைப்புத்தகத்தின் அளவோடு ஒப்பிடவேண்டும். டர்போ உள்ள வண்டிகளுக்கு இச்சோதனை இரட்டிப்பு அவசியம். டர்போவிலிருந்து எண்ணெய் தன் கனத்தாலேயே சம்ப்புக்கு இறங்கவேண்டியிருப்பதால், கீழே அழுத்தம் நின்றால் எண்ணெய் இறங்கமாட்டாமல் டர்போவின் சீலைத் தாண்டிப் புகையோடு போகும். டர்போ போய்விட்டது என்று அதையும் மாற்றச் சொல்லுவார்கள்.

எங்கள் வண்டியில் கம்ப்ரஸர் நன்றாக இருந்தது. வளையங்களும் அந்த வயதுக்குப் பழுதில்லை. எஞ்சினைக் கழுவிப் பவுடர் தூவியதில் இரண்டே இடம் கறுத்தது: டேப்பட் கவரின் பின் மூலையும் பக்க மூடியின் கீழ் விளிம்பும். இரண்டிலிருந்தும் வழிந்த எண்ணெய்தான் பின்னால் போய்ச் சொட்டியிருக்கிறது. கழற்றிப் போட்ட பின் சீல் குற்றமற்றதாகவே இருந்திருக்கலாம்.

போடும் முறை

பேக்கிங் போடுவது எளிய வேலை என்று எண்ணித்தான் பலர் கெடுக்கிறார்கள். பழையதைச் சுரண்டும்போது துணுக்கு உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொள்ளவேண்டும். தகட்டு மூடிகளையும் சம்ப்பையும் முன்பு இறுக்கியவர்கள் பலம் கொண்டமட்டும் இறுக்கியிருப்பதால், போல்ட்டுத் துளையைச் சுற்றித் தகடு குழிந்திருக்கும். கண்ணாடித் துண்டின்மேலோ சமமான பலகையின்மேலோ வைத்துப் பார்த்தால் தெரியும். மரக்கட்டைமேல் வைத்து மெல்லத் தட்டிச் சமன் செய்தபின்னரே பேக்கிங் வைக்கவேண்டும். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குவது முறை. கசிகிறது என்று மேலும் ஒரு திருகு திருகுவதால் கார்க் பிதுங்கி வெளியே வரும், கசிவு மிகும்.

முன்காலத்தில் ஷெல்லாக் தடவுவார்கள். இன்று சிலிக்கோன் டியூப் வந்திருக்கிறது. நல்ல பொருள்தான்; அளவு மிஞ்சினால் விஷம். மெல்லிய கோடாக இழுக்கவேண்டியதை இட்லி மாவுபோல் அப்பிப் பூட்டினால், உள்ளே பிதுங்கிய பாதி அறுந்து எண்ணெயில் மிதந்து, பம்பின் வலையை அடைக்கும். கசிவை நிறுத்தப்போய் எஞ்சினுக்கு எண்ணெயே கிடைக்காமல் பேரிங் எரிந்த வண்டிகள் உண்டு. பூசியபின் அது இறுகுவதற்கு டியூபில் குறித்த நேரம் கொடுக்கவேண்டும். ஒரு நாள் விடுவது உத்தமம். “உடனே எடுக்கலாம், நடை இருக்கிறது” என்கிற அவசரம் அந்த நாளை மட்டும் மிச்சப்படுத்தும்.

சம்ப்பின் அடித் திருகில் உள்ள செப்பு வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுவது நல்லது. வழியில் புதியது கிடைக்காவிட்டால் பழையதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு இளகி மறுபடியும் பதியும். சாலையோர மெக்கானிக்குகள் நெடுங்காலமாகச் செய்துவரும் நல்ல உபாயம் இது.

கசிவை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதைப்பற்றியும் கேட்பார்கள். அது ரப்பரைச் சற்று உப்பவைக்கும். ஆகவே இறுகிப்போன ரப்பர் சீலில் சில காலம் பயன் தரலாம். கார்க்குக்கும் வளைந்த தகட்டுக்கும் அடைபட்ட பிரீதருக்கும் அது ஒன்றும் செய்யாது. தடித்த எண்ணெய் ஊற்றுவதும் அவ்வாறே: சொட்டு சில வாரம் குறையும், குளிர்ந்த காலையில் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேரத் தாமதிக்கும். கைப்புத்தகத்தில் சொன்ன தரத்தை மாற்றவேண்டாம். கழற்றிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுதலும் ஆகாது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. அதைப் பெற்றுச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவர்கள் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

எவ்வளவு சொட்டினாலும் ஓட்டிக்கொண்டு போகலாமா என்றால், மூன்று அடையாளங்களில் ஒன்று கண்டாலும் வண்டியை அங்கேயே நிறுத்தவேண்டும்: எண்ணெய் அழுத்த விளக்கு எரிதல், எண்ணெய் புகைக்குழாய்மேலோ டர்போமேலோ விழுந்து புகைதல், கிளட்ச் வழுக்குதல். முதலாவதில் எஞ்சின் போகும். இரண்டாவதில் வண்டி முழுதும் தீப்பற்றலாம். மூன்றாவது ஏற்றத்தில் பாரத்தோடு பின்னால் உருளவைக்கும்.

பெரியவர் எண்ணெய் தாங்கும் குழாய் ஒன்றை வாங்கிவரச் சொல்லிப் பூட்டினார். இரண்டு பேக்கிங் மாற்றினார். ஒரு நாள் வண்டியை நிறுத்தச் சொன்னார். கூலியோடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தொடவில்லை. அண்ணியார் அந்தத் தொகையை எண்ணெய்க் கணக்கு நோட்டிலேயே எழுதி, அதன்கீழ் மறுநாள் காலை அளவையும் குறித்தார். நான்கு நடை நாசிக் போய் வந்தபின், களம்போலியில் இரவு விரித்த அட்டையைக் காலையில் எடுத்துப் பார்த்தோம். இரண்டு சொட்டு இருந்தது. தமையனார் விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, “கியர் ஆயில்” என்றார். அண்ணியார் நோட்டில் அதற்கென்று புதிய பக்கம் ஒன்று தொடங்கினார்.